சின்னப் பதிப்பகத்தின் நாவல் பட்டியல்: எதை நம்பி வாங்குவது?

மார்ச் 4, காலை (ஒரு வாசகர் கேட்டது)

"ஒரு சின்னப் பதிப்பகத்தின் புத்தகப் பட்டியல் கண்ணில் பட்டது. நாவல், சிறுகதை, மொழிபெயர்ப்பு என்று நாற்பது தலைப்பு இருக்கும். ஒரு பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை. பெரிய இடங்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பியதைத்தானே இவர்கள் எடுத்துப் போடுகிறார்கள்? தேடினால் விமர்சனமும் கிடைக்கவில்லை. எதை நம்பிக் காசைக் கொடுப்பது?"

மார்ச் 4, பகல்

திருப்பி அனுப்பியதைத்தான் போடுகிறார்கள், பல நேரங்களில். ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று ஒரு படி மேலே போய்க் கேளுங்கள்.

ஈமர் மெக்பிரைட் தன் முதல் நாவலை ஆறு மாதத்தில் எழுதி முடித்தார். பதிப்பாளர் கிடைக்க ஒன்பது வருடம் ஆனது. வாக்கியங்கள் பாதியில் முறியும், யார் பேசுகிறார்கள் என்பதே சில இடங்களில் பிடிபடாது. இதை எந்த அலமாரியில் வைத்து விற்பது என்று விற்பனைப் பிரிவு கேட்டால் பதில் சொல்ல முடியாத கையெழுத்துப் பிரதி. 2013இல் கேலி பெக்கர் பிரஸ் என்ற மிகச் சின்ன இடம் 1,000 பிரதி அடித்தது. அந்த வருடமே கோல்ட்ஸ்மித்ஸ் பரிசு, அடுத்த வருடம் பிரிட்டனின் பெண்களுக்கான புனைவுப் பரிசு.

அதே பதிப்பகம்தான் லூசி எல்மனின் ஆயிரம் பக்க நாவலையும் போட்டது. பெரும்பகுதி ஒரே வாக்கியம். அவருடைய முந்தைய பதிப்பகம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. 2019 புக்கர் இறுதிப்பட்டியலில் அது இருந்தது.

இன்னும் பழைய கதை வேண்டுமென்றால் ஜான் கென்னடி டூல். 1969இல் இறந்துபோனார், நாவல் அச்சேறவில்லை. அவருடைய அம்மா அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் 1980இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2,500 பிரதி போட்டது. 1981இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு.

மார்ச் 4, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூன்றும் எல்லோரும் சொல்கிற கதைகள். ஜெயித்தவர்களை மட்டும் எண்ணி ஒரு நியாயம் கட்டினால் அது நியாயமாகாது. அதேபோல வருடக்கணக்கில் கிடந்து, ஒரு சின்னப் பதிப்பகத்தில் வெளிவந்து, முந்நூறு பிரதி விற்று, மறுஅச்சு காணாமல் போன நாவல்கள்தான் அதிகம். அதில் சிலவற்றை நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். போனது நல்லதுதான் என்று தோன்றுகிற புத்தகங்களும் உண்டு.

ஆக, 'சின்ன இடம் என்பதாலேயே நல்லது' என்ற பக்தியும் வேண்டாம். உங்கள் கேள்விக்கு உருப்படியாகச் சொல்வதென்றால்: தலைப்பை விடுங்கள், பட்டியலைப் படியுங்கள். பெரிய நிறுவனத்தில் ஒரு புத்தகத்தை எடுக்கப் பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவார்கள். சின்ன இடத்தில் ஒருவரோ இருவரோதான் முடிவெடுக்கிறார்கள். அந்த ஒருவருடைய ரசனையைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். அந்த ரசனை நமக்கு ஒத்துவருமா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நான் பார்ப்பது இவை.

முதலில் பட்டியலின் அடி. புதிய வெளியீடுகள் மேலே பளபளவென்று இருக்கும், அதைத் தாண்டி இறங்குங்கள். ஆரம்பித்த வருடம் போட்ட நாவல் இன்னும் ஸ்டாக்கில் இருக்கிறதா? புத்தகத்தைத் திருப்பிப் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள், மறுஅச்சு கண்டிருக்கிறதா? ஓடாத புத்தகத்தைப் பத்து வருடம் பட்டியலில் வைத்திருப்பவர் அதை நம்பிப் போட்டிருக்கிறார்.

அடுத்தது எண்ணிக்கை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து, கையெழுத்துப் பிரதியை ஒழுங்காகப் படித்து, எடிட் செய்து, மெய்ப்புப் பார்த்து வருடத்துக்கு எட்டு, பத்து புத்தகம் கொண்டுவரலாம். அதே இரண்டு பேர் அறுபது தலைப்பு போடுகிறார்கள் என்றால் செலவை வேறு யாரோ செய்கிறார்கள். பெரும்பாலும் எழுதியவரே.

இது கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் வாசகர்கள் ஏமாறுவது இங்கேதான். எழுத்தாளரிடம் பணம் வாங்கிப் போடும் இடமும் தன்னைச் சுயாதீனப் பதிப்பகம் என்றுதான் சொல்லிக்கொள்ளும். அட்டையில் வித்தியாசம் தெரியாது. பட்டியலில் தெரியும். நாவலுக்குப் பக்கத்தில் சுயமுன்னேற்றம், அதற்குப் பக்கத்தில் யாருடைய தாத்தாவின் வாழ்க்கை வரலாறோ, நடுவில் சமையல். கதவைத் தட்டியவர்கள் அத்தனை பேரும் உள்ளே. இன்னொரு அடையாளம், 'படைப்புகளை அனுப்ப' என்ற பக்கம். அங்கே வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று 'பேக்கேஜ்' விலை போட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அந்தப் பதிப்பகத்துக்கு வாடிக்கையாளர் எழுத்தாளர்தான், வாசகர் இல்லை. புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

மார்ச் 6

"பரிசு வாங்கியதை மட்டும் வாங்கினால் போதுமே" என்று ஒருவர். போதும், பாதுகாப்பான வழி. ஆனால் பரிசு ஒரு சின்னப் பதிப்பகத்தை என்ன பாடுபடுத்தும் என்பது வெளியே தெரிவதில்லை.

ஆயிரம் பிரதி அடித்த புத்தகம் இறுதிப்பட்டியலில் வந்தால் கடைகள் அடுத்த வாரமே ஆயிரக்கணக்கில் கேட்கும். அச்சகத்துக்கு உடனே அல்லது முப்பது நாளில் பணம் வேண்டும். கடையிலிருந்தும் விநியோகஸ்தரிடமிருந்தும் பணம் வர மூன்று மாதம், சில சமயம் அதற்கும் மேலே. அட்டை விலையில் ஏறக்குறைய பாதி அவர்களுக்கே போகிறது. எழுத்தாளருக்கு 7.5 முதல் 10 சதவீதம் ராயல்டி. மிச்சத்தில்தான் அச்சு, தாள், அட்டை, வாடகை, எடிட்டர், மொழிபெயர்ப்பாளர் எல்லாம்.

இதற்கு மேல் ரிட்டர்ன். 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்காவில் பரவிய பழக்கம்: விற்காததைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம். இன்றும் ஆங்கிலப் புத்தகச் சந்தை அதில்தான் ஓடுகிறது. பரிசு கிடைக்காமல் போய், ஆறு மாதம் கழித்து அட்டைப்பெட்டிகள் மூலை மடங்கித் திரும்பி வந்தால், விற்றதாக நினைத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனம் இதை ஒரு கணக்கு வரியாக எழுதிக் கடந்துவிடும். இரண்டு பேர் நடத்தும் இடம் மூடிவிடும்.

அதனால் சிலர் புத்திசாலித்தனமாக, பரிசு வாடை அடித்ததும் பேப்பர்பேக் உரிமையைப் பெரிய இடத்தோடு பகிர்ந்துகொள்கிறார்கள். மெக்பிரைடின் நாவலுக்கும் அதுதான் நடந்தது, ஃபேபரோடு சேர்ந்தார்கள்.

சின்ன இடங்களுக்கென்றே ஒரு பரிசு 2017இல் தொடங்கியது: ரிபப்ளிக் ஆஃப் கான்ஷியஸ்னெஸ் பரிசு. முழுநேர ஊழியர் ஐந்து பேருக்கு மேல் போகாத பிரிட்டன், அயர்லாந்து பதிப்பகங்களுக்கு. பணத்தைப் பதிப்பகமும் எழுத்தாளரும் பிரித்துக்கொள்கிறார்கள். அதன் நெடும்பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். புக்கர் நெடும்பட்டியலைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது அதுதான்.

மார்ச் 7

ஒன்று விட்டுவிட்டேன்: சின்ன இடமும் திருப்பி அனுப்பும். 1918இல் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' கையெழுத்துப் பிரதி வர்ஜீனியா வுல்ஃபும் லியனார்ட் வுல்ஃபும் வீட்டில் நடத்திய ஹோகார்த் பிரஸுக்கு வந்தது. முடியாது என்றுவிட்டார்கள். கையால் எழுத்துக் கோர்ப்பவர்களிடம் அந்தத் தடிமனைக் கொடுத்தால் வேறென்ன சொல்வார்கள்!

மார்ச் 11

அட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். "எல்லாப் புத்தகமும் ஒரே மாதிரி இருக்கிறது, எது எதென்றே தெரியவில்லை."

அது வேண்டுமென்றே செய்வது. ஃபிட்ஸ்கரால்டோ எடிஷன்ஸ் 2014இல் ஆரம்பித்தது. புனைவென்றால் நீல அட்டை, கட்டுரை என்றால் வெள்ளை. படம் கிடையாது, எழுத்து மட்டும். பெர்செஃபனி புக்ஸ் 1999 முதல் மறக்கப்பட்ட பெண் எழுத்தாளர்களை மறுபதிப்பு செய்கிறது. அத்தனையும் சாம்பல் நிறம். ஆனால் அட்டையைத் திறந்தால் உள்தாளில் ஒரு துணி வடிவம் இருக்கும், நாவல் வெளிவந்த காலத்துத் துணி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் வேறு வேறு.

இப்படி ஒரே அட்டை போடுவது துணிச்சலான காரியம். எழுத்தாளர் பெயர் உங்களுக்குத் தெரியாது, படமும் ஆசை காட்டாது. 'போன நீலம் பிடித்ததா, இந்த நீலத்தையும் எடு' என்கிறார்கள். நான் அப்படித்தான் எடுத்தேன், அப்படித்தான் சிலதில் சலிப்படையவும் செய்தேன். ஒருவருடைய ரசனையை நம்பி வாங்குவதில் இந்தச் சங்கடம் இருக்கிறது: நாலைந்து புத்தகத்துக்குப் பிறகு அந்த ரசனையின் எல்லையும் தெரிந்துவிடும். 'நான்' என்று பேசும் ஒரு குரல், நீண்ட பத்தி, கதை நகராது, யாரோ எதையோ நினைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார்கள். நல்ல நடைதான், எனக்குத்தான் கால் வலித்தது. அப்போது வேறொரு பதிப்பகத்துக்குப் போய்விட்டு வருவேன்.

ஆனாலும் கணக்கு என்று பார்த்தால்: அலெக்ஸியேவிச், தொகார்ச்சுக், எர்னோ, ஃபோஸ்ஸே. 2015 முதல் நோபல் வாங்கியவர்களில் இந்த நாலு பேரும் ஃபிட்ஸ்கரால்டோவின் அந்த நீல-வெள்ளைப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒரு சின்ன அலுவலகத்துக்கு இது சாதாரணம் இல்லை.

மார்ச் 12

பிழைகள். இதைப் பேசாமல் தப்பிக்க முடியாது.

சின்னப் பதிப்பகப் புத்தகத்தில் எழுத்துப்பிழை இருக்கும். மெய்ப்புப் பார்ப்பவரும் கூரியர் கட்டுபவரும் ஒரே ஆளாக இருந்தால் வேறு வழியில்லை. ஹோகார்த் பிரஸ் மறுத்த அதே 'யுலிசிஸ்' 1922இல் பாரிஸில் சில்வியா பீச்சின் புத்தகக்கடை வழியாக 1,000 பிரதி வந்தபோது, எழுத்துப்பிழைகளுக்குப் பொறுத்தருளும்படி பதிப்பாளரே ஒரு குறிப்பு போட வேண்டியிருந்தது. அச்சுக் கோர்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நாவலாசிரியரோ மெய்ப்புத் தாளின் ஓரத்தில் புதிதாக எழுதிக்கொண்டே போனார்.

பிழையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடிட்டிங் குறைதான் உறுத்தும். முதல் முப்பது பக்கம் மின்னும், எழுத்தாளர் அதை இருபது முறை திருத்தியிருப்பார். நடுவில் எண்பது பக்கம் யாரும் கை வைக்காமல் அப்படியே கிடக்கும். அந்த எண்பதை நாற்பதாக்கச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் வீணான நாவல்களை நிறையப் பார்த்துவிட்டேன். வாங்கும் முன் புரட்டுவதானால் முதல் பக்கத்தை விட்டு நடுவில் திறந்து இரண்டு பக்கம் படியுங்கள்.

கட்டுமானப் பிழை வேறு ரகம். ஒரு நாவலில் 97 முதல் 112 வரை படித்தேன், பக்கத்தைத் திருப்பினால் மறுபடி 97. சோதனை முயற்சியாக்கும் என்று இன்னும் கொஞ்ச தூரம் படித்துப் பார்த்தேன், இப்படிப்பட்ட பதிப்பகத்தில் எதுவும் சாத்தியம்தானே. அப்புறம்தான் உறைத்தது, 16 பக்கப் பாரம் (ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் தாள்) ஒன்று இரண்டு தடவை கட்டாகி, அடுத்த பாரம் விடுபட்டிருக்கிறது. 112க்குப் பிறகு நேரே 129. மின்னஞ்சல் போட்டேன். பதில் எழுதியது பதிப்பாளரே. வேறு பிரதி அனுப்பினார், கூடவே விடுபட்ட பாரத்தை வெட்டாத தாளாக மடித்து வைத்திருந்தார், 'பிரதி வரும்வரை காத்திருக்க வேண்டாமென்று நினைத்தேன், இரண்டும் ஒரே பொட்டலத்தில் போய்விட்டது' என்று சீட்டு எழுதி.

மார்ச் 19

மார்ச் 4 இரவு எழுதியதோடு சேர்க்க ஒன்று. ஒரே எழுத்தாளரின் இரண்டாவது, மூன்றாவது புத்தகமும் அதே பட்டியலில் இருந்தால் நல்ல அறிகுறி என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் அது இல்லாவிட்டால் கெட்ட அறிகுறி என்று எடுத்துக்கொள்ள முடியாது. முதல் புத்தகம் பேசப்பட்டதும் எழுத்தாளர் பெரிய இடத்துக்குப் போய்விடுவார். மெக்பிரைடின் இரண்டாவது நாவல் ஃபேபரில். 2010இல் புலிட்சர் வாங்கிய பால் ஹார்டிங், பெல்வியூ லிட்டரரி பிரஸிலிருந்து ரேண்டம் ஹவுஸுக்கு. இதில் துரோகம் ஒன்றுமில்லை, வாடகை கட்ட வேண்டுமே. முன்பணம் கொடுக்க முடியாத இடத்தில் எத்தனை நாவல் எழுத முடியும்?

மொழிபெயர்ப்பாளர்கள் அப்படி அவ்வளவாகப் போவதில்லை. ஒரே மொழிபெயர்ப்பாளர் பெயர் ஒரு பட்டியலில் மூன்று நாலு தடவை வந்தால் அங்கே வேலை ஒழுங்காக நடக்கிறது என்று தைரியமாக வாங்குவேன். எழுத்தாளர் பெயரைவிட எனக்கு அது உறுதியான ஆதாரம்.

ஏப்ரல் 2

சிறுகதைத் தொகுப்பை முதலில் எடுக்கலாமா என்று கேட்டீர்கள். எடுங்கள். பெரிய இடங்கள் 'சிறுகதை ஓடாது, நாவல் இருக்கிறதா' என்றுதான் கேட்கும். அதனால் நல்ல தொகுப்புகள் சின்ன இடங்களில் சேர்கின்றன. 2025 சர்வதேச புக்கர் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகளுக்குப் போனது, தீபா பஸ்தி மொழிபெயர்ப்பு, பன்னிரண்டு கதை. சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. பதிப்பகம் அண்ட் அதர் ஸ்டோரீஸ். 2022இல் அதே பரிசு கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலுக்கு, டெய்சி ராக்வெல் மொழிபெயர்ப்பில், அதை வெளியிட்டது 2015இல் தொடங்கிய டில்டட் ஆக்சிஸ். இரண்டும் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் நடத்தும் இடங்கள்.

தொகுப்பில் இன்னொரு வசதி. பிடிக்காத கதையைத் தாண்டிப் போகலாம். பதிப்பாளரின் ரசனையைச் சோதிக்க இதைவிடக் குறைந்த செலவில் வழியில்லை.

ஏப்ரல் 3

சந்தா. மேலே ஒருவர் "முன்கூட்டிப் பணம் கட்டச் சொல்கிறார்கள், ஏதோ மாதிரி இருக்கிறது" என்கிறார். புதிதில்லை. 'யுலிசிஸ்' அச்சுச் செலவுக்கே சில்வியா பீச் முன்பதிவுப் பட்டியல் போட்டுத்தான் பணம் சேர்த்தார். அண்ட் அதர் ஸ்டோரீஸ் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள், சந்தாதாரர் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். சந்தாப் பணம் கடைக்கும் விநியோகத்துக்கும் பங்கு போகாமல் நேரே வருகிறது, ரிட்டர்னும் கிடையாது. பதிப்பாளர் நிம்மதியாகத் தூங்குவது இந்தப் பணத்தால்தான்.

நம் பக்கம் எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவைப் பாருங்கள். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, 1962இல் 'புதுக்குரல்கள்' கவிதைத் தொகுப்பைப் போட்டு, எழுத்து பிரசுரப் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார்.

ஆனால் முழு வருடச் சந்தா கட்டும் முன் இரண்டு புத்தகமாவது தனியாக வாங்கிப் படித்துவிடுங்கள். அலமாரியில் நாலு புத்தகம் பிரிக்காத உறையோடு நிற்பது பார்க்க நன்றாக இல்லை. என் அலமாரியைத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 20

"பதிப்பகம் மூடிவிட்டால்?" மூடினால் புத்தகம் மறையும், வேகமாகவே. அமெரிக்காவில் 1969 முதல் நானூறுக்கு மேற்பட்ட சின்னப் பதிப்பகங்களுக்கு விநியோகம் செய்துவந்த ஸ்மால் பிரஸ் டிஸ்ட்ரிபியூஷன் 2024 மார்ச்சில் திடீரென்று கதவைச் சாத்தியது. பதிப்பகங்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் அவற்றின் புத்தகக் கட்டுகள் கிடங்கில், வரவேண்டிய பணம் வராமல். நாவலுக்கு ஆபத்து எழுத்திலிருந்தோ விமர்சனத்திலிருந்தோ வரவில்லை, கிடங்குச் சாவியிலிருந்து வந்தது.

ஒப்பந்தத்தில் 'இத்தனை காலம் அச்சில் இல்லையென்றால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்' என்ற வரி இருந்தால் எழுத்தாளர் வேறிடம் போகலாம். வாசகர் செய்யக்கூடியது, பிடித்ததை ஸ்டாக் இருக்கும்போதே வாங்கி வைப்பது. மின்னூல் இருக்கிறதே என்பவர்களுக்கு: பதிப்பகம் போனால் பல சமயம் அதன் விற்பனைப் பக்கமும் கூடவே போய்விடுகிறது.

மே 9

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அந்த நாற்பதில் ஒரு சிறுகதைத் தொகுப்பும் ஒரு மொழிபெயர்ப்பு நாவலும் வாங்கினாராம். கதைகள் பிடித்திருக்கின்றன, அதில் ஒன்றை வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறார். நாவலை அறுபதாம் பக்கத்தில் மூடிவிட்டார். "அப்படியானால் இந்த ஆளின் ரசனை எனக்கு ஒத்துவருகிறதா இல்லையா?"

இரண்டில் ஒன்று தேறினால் நல்ல விகிதம் என்பேன். அந்த நாவல் சலித்தது எதனால் என்று மட்டும் பாருங்கள். கதை பிடிக்கவில்லையா, தமிழ் ஓடவில்லையா? தமிழ் என்றால் அந்த மொழிபெயர்ப்பாளரின் மற்றதை இப்போதைக்கு வாங்காதீர்கள். கதை என்றால் அதே பட்டியலில் அதே மொழிபெயர்ப்பாளர் செய்த இன்னொன்று இருக்கிறதா என்று தேடி அதை எடுங்கள். தொகுப்பு எழுதியவர் நாவல் ஏதும் அங்கே போட்டிருந்தால் அதையும், நடுப்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு. சந்தா இன்னும் வேண்டாம்.

எந்தக் கதையை வாசித்துக் காட்டினீர்கள் என்று சொல்லவில்லையே?